சுவருக்கு வயர், மரத்துக்கு பேட்டரி

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் பதினைந்து வருடப் பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடிவந்திருக்கிறோம். கணவருக்கு வெளியூரில் வேலை. திரைச்சீலைக் கம்பி, சமையலறை அலமாரிக் கதவு, சுவரில் இரண்டு மூன்று ஷெல்ஃப், டிவி மாட்டுவது, ஜன்னலுக்குக் கொசுவலை என்று வேலை நிறைய இருக்கிறது. ஆசாரியைக் கூப்பிட்டால் "சின்ன வேலைதானே, வந்துடறேன்" என்கிறார், வருவதில்லை. நானே செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டேன். 12,000 ரூபாய் வரை போடலாம். ஆன்லைனில் "48 வோல்ட், இரண்டு பேட்டரி, பெட்டி நிறைய பிட்" என்று 2,500 ரூபாய்க்கே வருகிறது. பெரிய கம்பெனியின் 18 வோல்ட் டிரில் 10,000 ரூபாய்க்கு மேல் போகிறது. ஏழு மெஷின் சேர்ந்த காம்போவும் பார்த்தேன். தம்பியோ வயர் வைத்த டிரில்லே போதும் என்கிறான். ஆனால் வீடியோக்களில் எல்லோரும் பேட்டரி டிரில்லை வைத்துத்தான் எல்லாம் செய்கிறார்கள். எதை வாங்குவது? ஹாலில் ஊஞ்சல் கொக்கி போடவும் அதே மெஷின் ஆகுமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார் வாசகி.)

சகோதரி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்க்கலாம். உங்கள் 12,000 ரூபாயை ஒரே பெரிய பேட்டரி டிரில்லில் கொட்டாதீர்கள். அதை இரண்டாகப் பிரியுங்கள். சுவருக்கு வயர் உள்ள ஹேமர் டிரில் ஒன்று, 550 அல்லது 600 வாட், நல்ல கம்பெனி. மரத்துக்கும் ஸ்க்ரூ வேலைக்கும் 12 வோல்ட் பேட்டரி டிரில் ஒன்று, சின்னது. முதலாவது 3,500 ரூபாய்க்குள்ளும் இரண்டாவது 6,500 ரூபாய்க்குள்ளும் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், கடைக்குக் கடை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மீதி 2,000 ரூபாயைத் தொடாமல் வைத்திருங்கள். நல்ல பிட், ராவல் பிளக் (சுவர் ஓட்டைக்குள் செருகி ஸ்க்ரூவைப் பிடிக்க வைக்கும் பிளாஸ்டிக் குழல்), கண்ணாடி, மாஸ்க், ஒரு நாள் வாடகை எல்லாம் அதில்தான் வரவேண்டும். என்ன வாடகை என்று கேட்பீர்கள், அதற்கும் வருகிறேன்.

வீடியோக்களைப் பார்த்து வரும் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்லை, என்னிடம் இன்டீரியர் வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதையேதான் கேட்கிறார்கள். அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்க வீடுகளில் எடுத்தவை. அங்கே வீட்டின் உள்சுவர் என்றால் மரச்சட்டம் நிறுத்தி அதன்மேல் ஜிப்சம் பலகை அடித்தது. அந்தச் சுவரில் ஒரு சின்ன பேட்டரி டிரில் சத்தமே இல்லாமல் இறங்கிவிடும். நம் வீடு செங்கல், அதன்மேல் அரை அங்குல சிமென்ட் பூச்சு, நடுவில் காங்கிரீட் தூண், பீம், லிண்டல். அதே டிரில்லை இங்கே வைத்து அழுத்தினால் பூச்சு வரைக்கும் ஜோராகப் போகும், செங்கல்லில் மெதுவாகப் போகும், காங்கிரீட்டில் நின்றுவிடும்.

இதில் உங்களைச் சோதிக்கப் போவது திரைச்சீலைக் கம்பிதான். பார்க்க எல்லாவற்றிலும் சின்ன வேலை அதுதான், ஆனால் கம்பியைத் தாங்கும் பிராக்கெட் எங்கே வருகிறது? ஜன்னலுக்கு மேலே, இரண்டு மூன்று அங்குலம் தள்ளி. அந்த இடம் செங்கல் இல்லை, லிண்டல். ஜன்னலுக்கு மேலே இருக்கும் சுவரின் பாரத்தைத் தாங்குவதற்காக உள்ளே கம்பி வைத்துப் போட்ட காங்கிரீட் அது, ஜன்னலின் இரண்டு பக்கமும் சுவருக்குள் சில அங்குலம் நீண்டிருக்கும், பல வீடுகளில் வீடு முழுக்கவே ஒரே பட்டையாகச் சுற்றி ஓடும். பதினைந்து வருடம் ஆன காங்கிரீட் நன்றாக இறுகிப் போயிருக்கும். "ஷெல்ஃபுக்கு ஓட்டை போட்டேன், அழகாகப் போட்டது, ஜன்னலுக்கு மேலே வைத்தால் அரை அங்குலத்துக்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது, மெஷின் போய்விட்டதா" என்று என்னைக் கேட்டவர்கள் நிறைய. மெஷின் போகவில்லை. அந்த மெஷினுக்கு அது ஆகிற வேலை இல்லை, அவ்வளவுதான்.

ஏன் ஆகாது என்பதைப் புரிந்துகொண்டால் கடையில் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது. சாதாரண ஹேமர் டிரில்லுக்குள் பல் பல்லாக வெட்டிய இரண்டு வட்டத் தகடுகள் ஒன்றை ஒன்று பார்த்தபடி இருக்கும். ஹேமர் படம் போட்ட பக்கம் திருப்பினால் அந்தப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கி பிட்டை முன்னும் பின்னும் தட்டும். நிமிடத்துக்குப் பல்லாயிரம் தட்டு, ஆனால் ஒவ்வொன்றும் துளியூண்டு தட்டு. அந்தத் தட்டுக்கு வலு எங்கிருந்து வருகிறது என்றால், பின்னாலிருந்து நீங்கள் அழுத்துகிற அழுத்தத்தில் இருந்துதான். செங்கல்லுக்கு இது போதும். ரோட்டரி ஹேமர் என்று இன்னொரு வகை இருக்கிறது. அதற்குள் ஒரு பிஸ்டன், காற்றை அமுக்கி, அந்தக் காற்று ஒரு இரும்புத் துண்டை வீசி அடிக்கும். தட்டு எண்ணிக்கை குறைவு, ஒவ்வொரு அடியும் பலமான அடி. நீங்கள் அழுத்தத் தேவையே இல்லை, நேராகப் பிடித்துக்கொண்டால் போதும், அதுவே இறங்கும். கைநிறைய பொடிக்கல்லை எறிவதற்கும் சம்மட்டியால் ஒரு போடு போடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. அந்த மெஷினின் பலத்தை ஜூலில் சொல்வார்கள். 2 ஜூல் உள்ள சின்ன மாடலே வீட்டு லிண்டலுக்கு ஏராளம். அதன் பிட்டும் வேறு, எஸ்டிஎஸ் பிளஸ் என்று பின்பக்கம் காடி வெட்டியிருக்கும், அது சாதாரண டிரில்லில் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் சரியாக உட்காராது.

இந்த ரோட்டரி ஹேமரைத்தான் வாடகைக்கு எடுக்கச் சொல்கிறேன். கோபியிலோ ஈரோட்டிலோ மெஷின் வாடகைக்கு விடும் கடையில் விசாரியுங்கள், நாளுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். சொந்தமாக வாங்கினால் நல்ல கம்பெனியில் ஆறு, ஏழாயிரம் போய்விடும், உங்கள் பட்ஜெட்டில் பாதிக்கு மேல், அதுவும் லிண்டல் வேலை முடிந்தபின் அலமாரிக்குள் உட்காரப் போகிற மெஷினுக்கு. அதனால் என்ன செய்யலாம் என்றால், எல்லா ஜன்னலிலும் பிராக்கெட்டை வைத்து, ரசமட்டம் பார்த்து, பென்சிலால் புள்ளி வைத்துவிடுங்கள். ஒன்றுக்கு இரண்டு முறை அளந்து பாருங்கள். எல்லாம் முடிந்தபின் மெஷினை எடுத்துவந்தால் அரை நாளில் வீட்டு லிண்டல் ஓட்டைகள் முழுவதும் முடிந்துவிடும். கடைக்காரர் கொடுக்கிற பிட் மழுங்கி இருந்தால் வாங்காதீர்கள், 6 அல்லது 8 மி.மீ. எஸ்டிஎஸ் பிட் ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

கடையில் ஒரு விஷயம் கவனம். "இம்பாக்ட் டிரில்" என்று கேட்டால் சுவருக்கான ஹேமர் டிரில் வரும், "இம்பாக்ட் டிரைவர்" என்று கேட்டால் அறுகோண பிட் மாட்டி ஸ்க்ரூ மட்டும் முடுக்கும் குட்டி மெஷின் வரும். இரண்டாவது கூரை ஷீட் அடிக்கிறவர்களுக்கு அருமையான மெஷின், உங்களுக்கு இப்போது தேவையில்லை. அட்டைப்பெட்டியில் சுத்தியல் படம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இப்போது அந்த 48 வோல்ட்டுக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் கோபம் வரும் விஷயம் இது. இந்த மெஷின்களின் பேட்டரிக்குள் இருப்பது சின்னச் சின்ன லித்தியம் அயான் செல்கள். ஒரு செல்லின் சராசரி வோல்ட் 3.6, முழு சார்ஜில் 4.2. ஐந்து செல்லைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட். அதே ஐந்து செல்லை முழு சார்ஜில் அளந்தால் 21. அதனால்தான் ஒரு கம்பெனி 18 என்கிறது, இன்னொன்று 20 என்கிறது, மூன்றாவது 21 என்கிறது, மூன்றும் ஒன்றே. 12 வோல்ட் என்பது மூன்று செல், சராசரி 10.8. இதுவரைக்கும் சரி, விளம்பரக் கணக்கு என்று விட்டுவிடலாம். ஆனால் உள்ளங்கைக்குள் அடங்கும் பேட்டரியில் 48 என்றும் 88 என்றும் அச்சடித்து, பக்கத்தில் சின்னதாக VF என்று இரண்டு எழுத்தைப் போட்டு விற்பது வேறு. 48 வோல்ட் வேண்டுமென்றால் பதிமூன்று செல் வேண்டும், அந்தப் பேட்டரிக்குள் அதற்கு இடமே இல்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் ஐந்து செல், சமயத்தில் அதற்கும் குறைவு. வோல்ட்டைப் பற்றியே பொய் சொல்கிறவர் செல்லின் தரத்தைப் பற்றியும், அதிகம் சூடானால் மின்சாரத்தை வெட்டிவிட வேண்டிய உள் சர்க்யூட்டைப் பற்றியும் மட்டும் உண்மை சொல்லியிருப்பார் என்று நம்பி, அந்தப் பேட்டரியைப் பிள்ளைகள் தூங்கும் வீட்டில் சார்ஜில் போட முடியுமா? 2,500 ரூபாய் நஷ்டம் என்பதைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஆகவே பேட்டரியில் வோல்ட்டோடு ஆம்பியர் அவர் (Ah) என்ற எண்ணையும் பாருங்கள். இரண்டையும் பெருக்கினால் வரும் வாட் அவர் (Wh) என்ற எண்தான் உள்ளே இருக்கும் சரக்கு. 18 வோல்ட், 2 ஆம்பியர் அவர் என்றால் 36. 10.8 வோல்ட், 2 ஆம்பியர் அவர் என்றால் 21.6. நல்ல கம்பெனிகள் இந்த வாட் அவர் எண்ணையே பேட்டரியில் அச்சடித்திருப்பார்கள்.

"அப்படியானால் 18தானே நல்லது?" என்று கேட்கலாம். தினமும் எட்டு மணி நேரம் வேலை செய்கிற என் பையன்களுக்கு நல்லது. உங்கள் வேலைப் பட்டியலை வைத்துப் பார்த்தால் அலமாரிக் கீல், தாழ்ப்பாள், ஷெல்ஃப் பிராக்கெட், கட்டில், மேசை, கதவுக் கொக்கி, இதுதான் பேட்டரி டிரில்லின் வேலை. 12 வோல்ட் டிரில் 30 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கு கொடுக்கும், மரத்தில் ஸ்க்ரூ ஏற்ற அது தாராளம். எடை ஏறக்குறைய ஒரு கிலோ. சமையலறை மேல் அலமாரிக்குள் தலையை விட்டு, ஒரு கையில் கதவைத் தாங்கி, மறு கையால் ஸ்க்ரூ முடுக்கும்போது அந்தக் குறைந்த எடையின் அருமை தெரியும். இதே விலைக்குப் பேர் தெரியாத 18 வோல்ட் கிடைத்தாலும், நல்ல கம்பெனியின் 12 வோல்ட்டையே எடுங்கள்.

பேட்டரி மெஷினில் முதல் மெஷினை வாங்கும்போதே ஒரு குடும்பத்துக்குள் சம்பந்தம் செய்துகொள்கிறீர்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கம்பெனி பேட்டரி இன்னொன்றுக்குப் பொருந்தாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே கம்பெனிக்குள்ளேயே பொருந்தாது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. போஷ் நீல மெஷினின் பேட்டரி அதே போஷின் பச்சை மெஷினுக்குப் போகாது. மகிடாவில் எல்எக்ஸ்டி என்று ஒரு 18 வோல்ட் வரிசை, ஜி சீரிஸ் என்று விலை குறைந்த இன்னொரு 18 வோல்ட் வரிசை. இரண்டும் மகிடா, இரண்டும் 18, ஆனால் பேட்டரி மாறாது. பின்னால் புல் வெட்டும் மெஷின், புளோயர் என்று பேட்டரியில் சேர்க்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுத்து, காசு சேர்த்து, ஒரு நல்ல 18 வோல்ட் வரிசையில் நுழையுங்கள், அதன்பிறகு பேட்டரி இல்லாத வெறும் மெஷினாகக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டே போகலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எந்த எண்ணமும் தெரியவில்லை.

கார்பன் பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் என்று கடையில் சொல்வார்கள். சூடு குறையும், ஒரு சார்ஜில் கூடுதல் நேரம் ஓடும், நல்லதுதான், ஆனால் வருடத்தில் சில ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கப் போகிறவர் அதற்காக இரண்டு மூன்றாயிரம் கூடக் கொடுக்க வேண்டாம். கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், விலை சொற்பம்.

தம்பி சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. வயர் மெஷினைப் பத்து வருடம் பரணில் போட்டுவிட்டு எடுத்தாலும் ஓடும். பேட்டரி அப்படி இல்லை, நீங்கள் தொடாவிட்டாலும் அது தானாக வயதாகிக்கொண்டே இருக்கும், வெயில் காலத்துச் சூட்டில் இன்னும் வேகமாக. காலியான பேட்டரியை அப்படியே மாதக்கணக்கில் போட்டுவிட்டால் மறுபடி சார்ஜே ஏறாமல் போகவும் கூடும். அதனால் வேலை முடிந்ததும் பாதி சார்ஜ் ஏற்றி, மெஷினிலிருந்து கழற்றி, குளிர்ச்சியான அறையில் வையுங்கள். ஓடு போட்ட பரணிலோ காருக்குள்ளோ வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முழுசாகக் காலியாக்கிவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் அது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பேச்சு, லித்தியத்துக்கு அது கெடுதல். வேலை செய்து சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜரில் செருகாதீர்கள், ஆறட்டும். ஆள் இல்லாத நேரத்தில், ராத்திரி முழுக்க, சார்ஜில் விடவும் வேண்டாம்.

பேட்டரி டிரில் கைக்கு வந்ததும் முதலில் பழக வேண்டியது கிளட்ச். மூக்குப் பகுதியில் 1, 2, 3 என்று எண் போட்ட வளையம் இருக்கும், அதுதான். வைத்த எண்ணின் அளவுக்கு ஸ்க்ரூ இறுகியதும் அது பிட்டைச் சுற்றாமல் விட்டுவிடும். பலர் அதைத் தொடுவதே இல்லை, டிரில் படத்திலேயே வைத்து எல்லா ஸ்க்ரூவையும் முடுக்கி, ஓட்டையின் உள்மரை அழிந்து, ஸ்க்ரூ சும்மா சுற்ற ஆரம்பித்தபின் மெஷினைத் திட்டுவார்கள். சமையலறை அலமாரி பார்ட்டிகிள் போர்டாக இருந்தால் மிகக் குறைந்த எண்ணில் ஆரம்பியுங்கள், ஸ்க்ரூ தலை பதிவதற்குள் கடகடவென்று கிளட்ச் விட்டால் ஒரு எண் கூட்டுங்கள். ஸ்க்ரூ தலை பலகையோடு சமமாக உட்கார்ந்து, அந்தக் கணத்தில் கிளட்ச் விட்டால் அதுதான் சரியான எண். ஏற்கனவே அழிந்துபோன ஓட்டை உங்கள் வீட்டில் நிச்சயம் சில இருக்கும். அதில் மருந்து நீக்கிய தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து இறுகச் செருகி, ஒரு ராத்திரி காயவிட்டு, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டு அதிலேயே ஸ்க்ரூ ஏற்றுங்கள், பிடித்துக்கொள்ளும். கதவு தேக்கோ வேங்கையோ என்றால் நேராக ஸ்க்ரூவை ஏற்றாதீர்கள். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ. பிட்டால் முதலில் வழி போட்டு, ஸ்க்ரூ மரையில் கொஞ்சம் சோப்பைத் தேய்த்து ஏற்றினால் மரம் பிளக்காது, ஸ்க்ரூ தலையும் தேயாது.

சுவர் வேலை. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஒருபோதும் ஓட்டை போடாதீர்கள், உள்ளே வயர் பைப் செங்குத்தாக ஓடிக்கொண்டிருக்கும். குளியலறைக்கும் சமையலறைக்கும் பொதுவான சுவரில் தண்ணீர்க் குழாய் எந்த உயரத்தில் போகிறது என்று வெளிப்பக்கக் குழாய்களைப் பார்த்து ஊகித்துக்கொள்ளுங்கள். வேலை செய்கிற அறையின் எம்சிபியை (மெயின் போர்டில் அந்த அறைக்கான சுவிட்சை) இறக்கிவிட்டு, டெஸ்டரால் பார்த்துவிட்டு, வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து டிரில்லை ஓட்டுங்கள். ஷெல்ஃபுக்கு 8 மி.மீ. பிளக், 8 மி.மீ. சுவர் பிட். பூச்சு மட்டுமே அரை அங்குலம் என்றேன் அல்லவா, பிளக் அதைத் தாண்டி செங்கல்லில் உட்கார்ந்தால்தான் பிடிமானம், அதனால் 50 மி.மீ. ஆழமாவது வேண்டும். பிட்டில் அந்த அளவில் இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் ஆழம் தானாகத் தெரியும். டிவி பிராக்கெட்டுக்கு 10 மி.மீ. பிளக்கும் 60 மி.மீ. ஆழமும் கொடுங்கள். பிட் திடீரென்று தளர்வாக உள்ளே போய், வருவது சிவப்புப் பொடிக்குப் பதில் சாம்பல் நிற மணலாக இருந்தால் செங்கல்லுக்கு நடுவே உள்ள கலவையில் மாட்டிக்கொண்டீர்கள், கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். லிண்டலில் பிட் நின்றுபோய் மினுமினுவென்று இரும்புத் தூள் வந்தால் கம்பி, நிறுத்திவிட்டு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகருங்கள், கம்பியை வெட்ட முயற்சிக்கவே வேண்டாம். சமையலறை டைல்ஸில் ஹேமரை அணைத்துவிட்டு, டைல்ஸுக்கான ஈட்டிமுனை பிட்டால் மெதுவாக டைல்ஸைத் தாண்டியபின்தான் சுவர் பிட்டையும் ஹேமரையும் எடுக்க வேண்டும். காங்கிரீட் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்கு நல்லதல்ல. என்95 மாஸ்க்கும் கண்ணாடியும் இல்லாமல் தலைக்கு மேலே ஓட்டை போடக் கூடாது, ஒரே ஓட்டையானாலும் சரி.

கொசுவலைக்கு மெஷினே வேண்டாம். சட்டத்தில் வெல்க்ரோ டேப் ஒட்டி வலையை ஒட்டுங்கள், துவைக்கக் கழற்றுவதும் சுலபம்.

ஏழு மெஷின் காம்போவை மறந்துவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அதில் ஒரு குட்டிச் சங்கிலி ரம்பம் இருக்கும், ஒற்றைக் கையால் பிடித்து மரக்கிளை வெட்டுவது போலப் படம் போட்டிருப்பார்கள். சங்கிலியின் முனை எதிலாவது பட்டால் ரம்பம் ஒரு நொடியில் ஆளை நோக்கித் திரும்பும், பெரிய ரம்பங்களில் அதை நிறுத்தவே தனி பிரேக் வைத்திருக்கிறார்கள், விலை குறைந்த குட்டிகளில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. கூடவே ஒரு கிரைண்டரும், அதில் மாட்ட மரம் அறுக்கும் பல் பிளேடும் வரும். கிரைண்டர் வேகத்துக்கு அந்த பிளேடு மரத்தில் கடித்துக்கொண்டு உதறினால் கை விரல் போகும், எங்கள் தொழிலில் அப்படி விரல் இழந்தவர்கள் உண்டு. ஷெல்ஃபுக்குப் பலகை வெட்டத்தானே? அளவை எழுதிக் கொண்டுபோய் பிளைவுட் கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். மெஷினில் நேராக வெட்டித் தருவார்கள், வீட்டில் வராத நேர்த்தி அது.

வாங்குவதை முடிந்தால் ஈரோட்டிலோ கோவையிலோ நேரில் வாங்குங்கள், அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டுவிட்டு. சக்கில் ஒரு நீளமான பிட்டை மாட்டி மெதுவாக ஓட விடுங்கள், பிட் முனை வட்டம் போட்டால் வேறு பீஸ் கேளுங்கள். பேட்டரிக்கு எத்தனை மாதம் வாரண்டி என்று தனியாகக் கேளுங்கள், மெஷினுக்குள்ள வாரண்டியே பேட்டரிக்கும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள், டூப்ளிகேட் பேட்டரியும் டூப்ளிகேட் பிட்டும் சந்தையில் நிறைய. பழைய மெஷின் யாராவது கொடுத்தால் வயர் டிரில்லை வாங்கலாம், பேட்டரி டிரில்லைப் பழையதாக வாங்க வேண்டாம். பிட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பெட்டி நிறைய வரும் நூறு பிட்டைவிட, சுவருக்கு 6, 8, 10, மரத்துக்கும் இரும்புக்கும் 2, 3, 4, 5, ஸ்க்ரூ முனையில் நல்ல பிஎச் 2 (பிளஸ் வடிவ முனை) நான்கைந்து, இது போதும்.

கடைசியாக ஊஞ்சல். இதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். கூரைக் கொக்கி என்பது காங்கிரீட் போடும்போதே உள்ளே கம்பியோடு சேர்த்துக் கட்டி விடுவது. பின்னால் ஓட்டை போட்டு பிளக் வைத்துத் தொங்கவிடுவது திரைச்சீலைக்கு ஆகும், மனிதருக்கு ஆகாது. ஊஞ்சலில் 60 டிகிரி வரை வீசி ஆடினால், கீழே வரும் கணத்தில் கொக்கி தாங்க வேண்டியது உட்கார்ந்திருப்பவரின் எடையைப் போல இரண்டு மடங்கு. அதுவும் ஒருமுறை இல்லை, ஒவ்வொரு ஆட்டத்துக்கும். பிளாஸ்டிக் பிளக் இப்படி இழுக்க இழுக்கத் தளர்ந்துகொண்டே வரும், வெளியே எதுவும் தெரியாது. கூரையில்தான் வேண்டும் என்றால் ஒரு கட்டட இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டுங்கள், பீம் எங்கே ஓடுகிறது, எந்த ஆங்கர், எவ்வளவு ஆழம் என்று அவர் சொல்லட்டும், அதைச் செய்வதும் அந்த வேலை தெரிந்தவராக இருக்கட்டும். இல்லையென்றால் ஸ்டாண்டோடு வரும் ஊஞ்சல் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் போல்ட்டுகளுக்கு ஸ்பேனர் போதும், மாதம் ஒருமுறை தளர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.